நான் தைக்காத இலைப்பாவாடை

என் தையல் கடை ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், முன்னால் ஒரு பெஞ்சு. இந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேரின் அளவு எனக்கு மனப்பாடம். யாருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும், யாரிடம் இடுப்பளவை வாய்விட்டுச் சொன்னால் முகம் கறுத்துவிடும் என்பதெல்லாம் தெரியும். இவ்வளவு நெருக்கம் இருந்தும், யாராவது கடைக்கு வழி கேட்டால், "அந்த மலையாளிப் பொம்பள கட" என்றுதான் கை காட்டுகிறார்கள். நான் இங்கே கடை போட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்னும் நேற்றுத்தான் மலையிலிருந்து இறங்கி வந்தவள் கணக்கில் இருக்கிறேன்.

மலையாளி என்றால் கேரளா இல்லை. ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் பலாவுமாகக் காலங்காலமாகப் பிழைக்கிற எங்களுக்கு அதுதான் பெயர். வேலூரில் ஒரு துணிக்கடையில் அந்தப் பெயரைச் சொன்னபோது, "கேரளாவுல எங்கம்மா?" என்று கேட்டார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்த நேரம். "பாலக்காடு" என்று சொல்லிவைத்தேன். உடனே நாற்காலி வந்தது, "உக்காருங்க" என்ற மரியாதையும் வந்தது. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு நாற்காலி உண்டு. தலையைத் தூக்கிப் பார்த்தால் தெரிகிற மலையிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் கிடையாது.

என் அப்பா புளி கொண்டுவந்து போடும் மண்டியில் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார். மலையில் அவரை எல்லோரும் "கவுண்டரே" என்பார்கள். அடிவாரத்து மண்டியில், மீசை முளைக்காத பையன் "இன்னாடா, இந்த வாட்டி கொட்ட நெறைய கீது" என்பான். ஏறும்போது ஒரு மனிதன், இறங்கும்போது இன்னொரு மனிதன். நடுவில் இருந்தது ஒரு பஸ் மட்டும்தான். சின்ன வயதில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு முன்கோபம் வந்துவிட்டது. அது இன்னும் போகவில்லை. போக வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

போன வருஷம் ஆண்டு விழாவுக்கு முன்னால், என் மகள் படிக்கிற தனியார் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் கடைக்கு வந்தார். பள்ளி யூனிஃபார்ம் முழுவதும் அப்போது நான்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கடையைத் தாங்கிப் பிடித்திருந்ததே அந்த ஆர்டர்தான். டீச்சர் என்னைவிட வயதில் சின்னவர், கலகலப்பானவர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பச்சை சாட்டின் துணி ஒரு பெரிய கட்டு கொண்டுவந்திருந்தார்.

"த பாரும்மா, இத எல எலயா கட் பண்ணி, எலாஸ்டிக்ல கோத்து பாவாட மாதிரி தைக்கணும். மலைவாசி டான்ஸுக்கு."

"எந்த மலைங்க மிஸ்?"

"நம்ம மலைதான். உங்காளுங்கதான்." சிரித்தார். "உனக்குத் தெரியாததா, நல்லா தைச்சுடுவ."

"எங்க மலையில யாரும் எல கட்டிக்கறதில்லயே மிஸ்."

"இப்ப இல்லம்மா. அந்தக் காலத்துல."

"அந்தக் காலத்துல உங்க பாட்டனும் எலதான மிஸ் கட்டியிருப்பாரு? அப்ப இத ஒடுகத்தூர் டான்ஸுன்னு வைங்க."

அவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நான் துணிக்கட்டை அவர் பக்கமாகத் தள்ளினேன். மார்கழி மாதத்தில் எங்கள் மலையில் ஸ்வெட்டர் மேல் துப்பட்டி போர்த்திக்கொண்டு அடுப்பை விட்டு நகரமாட்டோம். அந்தக் குளிரில் இடுப்பில் நாலு இலையோடு நிற்கிற அளவுக்கு எங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டதாக இவர்களுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. வேலை நெருக்கடி, முடியாது மிஸ் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. "இத நான் தைக்கமாட்டேன்" என்று சொன்னேன். இரண்டும் ஒன்றில்லை என்பது அவருக்கும் புரிந்தது.

அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் மகள் கடைக்கு வந்து, பையை இறக்காமலேயே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏழாவது படிக்கிறாள். அதிகம் பேசாத பெண்.

"அம்மா, அந்த டான்ஸுல நானும் கீறேன்."

"எந்த டான்ஸு?"

"மலைவாசி டான்ஸு. தலைவரோட பொண்ணா நடிக்கணும். எனக்கு மேக்கப்பே வேணாம், கலர் கரெக்டா கீதுன்னு மிஸ் எல்லார் முன்னாடியும் சொன்னாங்க."

கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு மேல் அன்றைக்கு என்னால் தைக்க முடியவில்லை.

கதையை அவளே சொன்னாள். நகரத்திலிருந்து ஒரு படித்த இளைஞன் காட்டில் வழி தவறி வருகிறான். முகத்தில் கரி பூசிய மலைவாசிகள் ஹூ ஹா என்று கத்தி அவனைக் கட்டிப்போடுகிறார்கள். அவன் பையிலிருந்து டார்ச் லைட்டை எடுத்து அடித்துக் காட்டுகிறான். தலைவன் வாயைப் பிளக்கிறான். "எம் பொண்ண எடுத்துக்கோ, இத எனக்குக் குடு" என்கிறான். கொட்டகையே சிரிக்க வேண்டிய இடம் அது. பெண் தலையைக் குனிந்துகொண்டு இளைஞன் பின்னால் போக வேண்டும். பிறகு இளைஞன் எல்லோருக்கும் அ, ஆ சொல்லிக் கொடுக்கிறான். எல்லோரும் இலையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேண்ட் போட்டுக்கொள்கிறார்கள். கல்வியின் பெருமை.

டார்ச் லைட்டுக்குப் பெண்ணைக் கொடுப்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் மலையில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொண்டுவந்து வைக்க வேண்டும். பணமும் தானியமுமாக வைப்பார்கள். அடிவாரத்தில் இதைப் பற்றி ஒரு கிண்டல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். "உங்க ஊர்ல பொண்ண வெலைக்கி வாங்குவாங்களாமே?" என்று என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே கேட்பார்கள். கேட்பவர் மகளுடைய கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவராக இருப்பார். அடுத்த பேச்சே மாப்பிள்ளைக்கு வாங்க வேண்டிய வண்டி, போட வேண்டிய பவுன், அதற்காக விற்ற நிலம் என்று போகும். அவர்கள் வீட்டில் பெண்ணையும் கொடுத்துக் காசும் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் வாங்குகிறார்கள். இதில் காட்டுமிராண்டி யார் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை மட்டும் அவர்களிடமே இருக்கிறது.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். டீச்சர்கள் உட்காரும் அறையில் அந்த டீச்சரோடு இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு முன்னால் போன அம்மாவை "வாங்க, உக்காருங்க" என்றவர்கள் என்னைப் பார்த்து "இன்னாம்மா, சொல்லு" என்றார்கள். நானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மிஸ், கதையில அந்த டார்ச் லைட்டு சீன எடுத்துடுங்க."

"அது காமெடிம்மா. யாரையும் தப்பா சொல்லல. உங்க ஊர் வழக்கத்ததான வெச்சிருக்கோம்."

"எங்க வழக்கம் அது இல்ல மிஸ். நான் சொல்றேன், கேளுங்க."

சொன்னேன். நான் ஒளித்து வைத்திருந்ததை இல்லை, இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்காததைச் சொன்னேன். இப்போது இருக்கிற என் வீட்டுக்காரர் எனக்கு இரண்டாவது கல்யாணம். முதலில் என்னைக் கட்டியவன் அடித்தான். சாமைச் சோறு குழைந்தால் அடித்தான், குழையாவிட்டால் அடித்தான். ஒரு நாள் விடிந்ததும் கட்டியிருந்த சேலையோடு கிளம்பி, காட்டுவழியாகவே நடந்து எங்கள் ஊருக்கு வந்துவிட்டேன். அப்பா களத்தில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். "இருக்கறியா, போறியா? உன் இஷ்டம்" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஊருக்குப் பெரியவரான ஊர்க்கவுண்டரைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் வைத்த பரிசத்தை அவர்கள் வாசலிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தார். தானியம் போதாமல் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கித்தான் வைத்தார். அதோடு என்னை யாரும் எதுவும் கேட்க முடியாது. நான் யாரையும் பார்த்துத் தலைகுனியவும் வேண்டியதில்லை. பிறகு இவர் வந்து கேட்டார், கட்டிக்கொண்டேன். இவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சோறு குழைந்தால் மோர் ஊற்றிச் சாப்பிடுவார்.

எங்கள் வழக்கம் எல்லாம் தங்கம் என்று சொல்ல நான் போகவில்லை, அதையும் அவர்களிடம் சொன்னேன். பரிசத்தைத் திருப்பி வைப்பதற்கு முன்னால் என் விவகாரத்தைப் பேச ஊர்க் கூட்டம் போட்டார்கள், அதில் ஆம்பிளைகள்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் மாட்டுப்பட்டிக்கு அந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். என் வாழ்க்கையைப் பேச என்னைக் கூப்பிடவில்லையே என்று அன்றைக்கும் பற்றிக்கொண்டு வந்தது, இன்றைக்கும் வருகிறது. எங்களுக்குள்ளேயே சண்டை போட எங்களுக்கு நிறைய இருக்கிறது. அதற்கு டார்ச் லைட்டு தேவையில்லை.

"பரிசம்னா வெல இல்ல மிஸ். பொண்ணு வேணாம்னு சொல்லிட்டா திருப்பி வெச்சுட்டு வந்துடலாம். உங்க பக்கம் குடுத்த பவுன திருப்பி வாங்கிட்டு வர முடியுமா?"

அறையில் ஒரு டீச்சர் குனிந்து விடைத்தாள் திருத்த ஆரம்பித்துவிட்டார். நம்முடைய டீச்சர் பெருமூச்சு விட்டார்.

"இவ்ளோ சீரியஸா எடுத்துக்காதம்மா. பசங்க சந்தோஷமா ஆடப் போறாங்க. விழாவுக்கு இன்னும் நாளே இல்ல, இப்ப போய் கதய மாத்த முடியாது. வேணும்னா உம் பொண்ண எடுத்துட்டு வேற பொண்ண போட்டுக்கறேன்."

தோற்றுத்தான் திரும்பினேன். என் வாழ்க்கையையே எடுத்து மேஜைமேல் வைத்தும் ஒரு சீன் நகரவில்லை. வீட்டுக்கு வந்து, நீ அந்த நாடகத்தில் இல்லை, விழாவுக்கே போக வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். நான் டீச்சரிடம் பேசியதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த அறைக்கு வெளியே வராந்தாவில்தான் அவள் வகுப்பு அன்றைக்கு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்ததாம். என் முதல் கல்யாணக் கதையையே அவள் அப்போதுதான் கேட்டிருக்கிறாள். அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"நான் போறேன்மா" என்றாள்.

"எதுக்கு? ஊரே சிரிக்கறதுக்கா?"

"நான் இல்லன்னா வேற பொண்ண நிக்க வெப்பாங்க. கத அப்டியேதான நடக்கும்? நானே நிக்கறேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்தப் பள்ளிக்கூடம் என் பெண்ணை ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். கூட்டத்தோடு சேர்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்க அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள், இனி பலாப்பழ சீசனுக்கு மலைக்குக் கூப்பிட்டால்கூட வரமாட்டாள் என்று மனது எங்கெங்கோ ஓடியது. பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன். என் வீட்டுக்காரர், "வுடேன், அவ இஷ்டம்" என்றார். அவர் யோசித்துச் சொல்லவில்லை, சண்டையை முடிப்பதற்காகச் சொன்னார். ஆனால் களத்தில் நின்று என் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னதால்தான் நான் பிழைத்தேன். அதையே என் பெண்ணுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விழாவுக்கு நான் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். மெஷினில் உட்கார்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருந்தது. கடையைச் சாத்திவிட்டுப் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். அங்கே என் வீட்டுக்காரரும், அவரோடு ஆட்டோ ஓட்டுகிற எங்கள் மலை ஆட்கள் சிலரும் நின்றுகொண்டிருந்தார்கள். தெரிந்த வீட்டுப் பெண் ஆடுகிறாள் என்று வந்தவர்கள். என்ன கதை என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இலைப்பாவாடைகளை வேலூரிலிருந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். என் மகள் அவளுடைய சுடிதார் மேலேயே அதைக் கட்டியிருந்தாள். மற்ற பிள்ளைகள் முகத்தில் கரி, தலையில் கோழி இறகு. ஹூ ஹா வந்தது. டார்ச் லைட்டு வந்தது. தலைவனாக நடித்த பையன் நன்றாகவே நடித்தான். "எம் பொண்ண எடுத்துக்கோ" என்று அவன் டார்ச்சை வாங்கி முத்தம் கொடுத்தபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மகள் முன்னால் வந்தாள். தலை குனிய வேண்டிய இடத்தில் குனியவில்லை. தலைவன் கையிலிருந்த டார்ச்சை மெதுவாக வாங்கினாள். இளைஞனிடம் போய் அவன் கையில் வைத்தாள். மைக் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தாங்க உங்க பரிசம். எனக்கு இஷ்டமில்ல. நீங்க கெளம்பலாம்."

இதுவும் கதையில் இருக்கிறது என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். இளைஞனாக நடித்த பையன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு திரைப் பக்கம் பார்த்தான். பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலைவனிடம் திரும்பி, "அப்பா, வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்றாள். அந்தப் பையனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இறகோடு அவள் பின்னாலேயே மேடையை விட்டு இறங்கிவிட்டான். அ, ஆ சொல்லிக் கொடுக்க மேடையில் தலைவனும் இல்லை, பெண்ணும் இல்லை.

எங்கள் ஆட்கள்தான் முதலில் கை தட்டினார்கள். ஒருவர் விசில் அடித்தார். நான் அழுதேன், ஒளித்து வைக்காமல் அழுதேன். துக்கமே இல்லை. எனக்குத் தெரியாமல் என் வீட்டில் ஒருத்தி இவ்வளவு பெரிய ஆளாகியிருக்கிறாளே என்ற சந்தோஷம். அவளைப் பற்றி நான் என்னவெல்லாம் நினைத்தேனோ அதற்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

யூனிஃபார்ம் ஆர்டர் வேறு கடைக்குப் போய்விட்டது. போகட்டும். இப்போது ஜாக்கெட்டும் சுடிதாரும் மட்டும் தைக்கிறேன், கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆர்டர் கைவிட்டுப் போவதற்கு முன், விழா முடிந்த திங்கட்கிழமை, தலைமையாசிரியர் என்னையும் மகளையும் கூப்பிட்டு அனுப்பினார். டீச்சரும் இருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. அவருக்கும் திட்டு விழுந்திருக்கும்.

"இத்தனை பிள்ளைங்க கஷ்டப்பட்டு ப்ராக்டிஸ் பண்ணது, ஒரே நிமிஷத்துல கெடுத்துட்டா" என்றார் தலைமையாசிரியர். "நீ சொல்லிக் குடுத்தியாம்மா?"

"இல்லங்க. சொல்லிக் குடுத்திருந்தா பெருமையா ஒத்துக்கிட்டிருப்பேன்."

அவர் மகளைப் பார்த்தார். "ஒரு சாரி சொல்லிட்டு கிளாஸுக்குப் போ. இதோட விட்டுடலாம்."

"தலைவனா நடிச்ச பையன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன் சார். அவன் நல்லா நடிச்சான்."

"மிஸ்கிட்ட?"

மகள் டீச்சர் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, கணக்குக்கு விடை சொல்கிற மாதிரிதான் இருந்தது.

"மிஸ், நீங்க வித்தது என்னத்தான. அப்ப வேணாம்னு நாந்தான சொல்லணும்?"

இந்தப் பள்ளியே வேண்டாம், வா போகலாம் என்று நான் அவள் பையை எடுக்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. முதல் பீரியட் அறிவியல் என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.